"உங்க முடிக்குன்னே செஞ்சது" என்று சொல்லி 3,850 ரூபாய் பறித்துவிட்டார்கள். தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த ராத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். முடி வகைக்கு ஏற்ப ஷாம்பு, எண்ணெய், கண்டிஷனர் கலந்து அனுப்புவதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் கடையில் 3,850 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். புகார் நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சுருட்டை முடி. மண்டையில் சுரக்கும் எண்ணெய் அந்த வளைவுகளில் நுனிவரை இறங்காது, சீக்கிரம் வறண்டுவிடும். வீட்டில் போர் தண்ணீர் வேறு. பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும். விளம்பரத்தைப் பார்த்து அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு டம்ளர் தண்ணில உங்க முடி ஒண்ணு போட்டு போட்டோ அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். முடி மிதந்தது. "பாத்தீங்களா அக்கா, உங்க முடி தண்ணியே குடிக்காது. கடையில விக்கிற எதுவும் உங்களுக்குச் சேராது" என்றாள். அந்த இடத்தில்தான் விழுந்தேன். இத்தனை வருஷத்தில் என் முடியை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை என்று தோன்றிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி யாருடையதாக இருந்தாலும் மிதக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. "இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்றாள். உங்களுக்கென்றே தயாரிப்பதால் கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம். 3,850 ரூபாய் ஒரே தவணையில் போனது.

மூன்றாவது குளியலிலேயே முடி வைக்கோல் மாதிரி ஆனது. சீப்பு இறங்கவில்லை, கொத்தாக வந்தது. கேட்டதற்கு, "முதல் 15 நாள் அப்படித்தான் அக்கா, பழைய நச்சு வெளியேறுது" என்று பதில். நம்பி இன்னும் இரண்டு வாரம் தேய்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் ஆவி பட்டு ஷாம்பு பாட்டிலின் ஒட்டுத்தாள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்! மேலே "சல்ஃபேட் இல்லாதது". அடியில் தண்ணீருக்கு அடுத்து இரண்டாவதாகவே சோடியம் லாரெத் சல்ஃபேட், நுரை கொடுத்து எண்ணெயை வழித்தெடுக்கும் அதே சல்ஃபேட். எண்ணெய் பாட்டிலையும் உரித்தேன். செக்கு எண்ணெய் என்று விற்றதில் முதலில் இருந்தது லைட் லிக்விட் பாரஃபின். மினரல் ஆயில்! அது விஷம் இல்லைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் போல முடிக்குள் இறங்காது, மேலே பூசிக்கொண்டு நிற்கும். லாரெத் சல்ஃபேட்டும் எண்ணெய் வழியும் தலைக்குப் பரவாயில்லை. வறண்ட சுருட்டை முடிக்கு அது அதிகம். என்னிடம் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு. அதுதான் வயிறு எரிகிறது.

போட்டோ அனுப்பினேன். "டிக்கெட் போட்டிருக்கோம் அக்கா." மறுநாள், "திறந்த பாட்டிலை திருப்பி எடுக்க மாட்டோம்." திறக்காமல் எப்படித் தேய்ப்பது? அடுத்த நாள் "மேனேஜர் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. நேற்றிலிருந்து என் மெசேஜ் போய்ச் சேரவே இல்லை, என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 2020 மின்வணிக விதிப்படி குறைதீர் அலுவலரின் பெயர் போட வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. அதைக்கூடப் பார்க்காமல் பணம் போட்டிருக்கிறேன்.

சரி, சொன்னபடி எழுதுகிறேன். லேபிளில் அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும், அதனால் முதல் நான்கைந்து பெயர்களைப் படியுங்கள். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாள் இருந்தால் அப்போதே உரித்துப் பாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே. டம்ளர் தண்ணீர் சோதனை என்று யாராவது ஆரம்பித்தால் போனை வையுங்கள். அப்புறம் இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது ஓடவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். உரித்த ஒட்டுத்தாள்களை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் மறுபடி கூப்பிடுவேன். அந்த 3,850 ரூபாய் என் சீட்டுப் பணம், விடப்போவதில்லை.