ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் பணம் கேட்டால்: கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் எல்லா நிறுவனக் கார்களையும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில், என் பெட்ரோல் காருக்கு முதலில் ஆக்சிஜன் சென்சாரையும் பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மாற்றி, 45,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு தீரவில்லை. அது இருந்த இடம், என்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் இடையே கசிவைத் தடுக்கும், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு கேஸ்கட்.

செக் என்ஜின் விளக்கு எரிந்ததால்தான் காரை அங்கே விட்டேன். மைலேஜும் குறைந்திருந்தது, சைலன்சர் முனையில் கரி படிந்திருந்தது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியதும் பி0131 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, வந்தது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்பதன்று. புகைக்குழாயில் ஆக்சிஜன் உண்மையிலேயே அதிகமாக இருந்தாலும் நல்ல சென்சார் அப்படித்தான் காட்டும், அதைக் காட்டுவதற்காகத்தான் அதை அங்கே பொருத்தியிருக்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. பட்டறையில் வேறு எந்தச் சோதனையும் நடக்கவில்லை. "சென்சார் போயிடுச்சு சார், கம்பெனி ஒரிஜினலே போட்டுடலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

மாற்றிய பிறகு விளக்கு அணைந்தது. ஸ்கேனரில் கோடை அழித்தாலே விளக்கு அணைந்துவிடும். கணினி மீண்டும் சோதித்து, கோளாறு தொடர்கிறது என்று உறுதி செய்துகொள்ளச் சில ஓட்டங்கள் ஆகும். ஆகவே பட்டறை வாசலில் விளக்கு எரியவில்லை என்பது எதற்கும் சான்றாகாது. விரைவிலேயே அது திரும்ப எரிந்தது. இம்முறை பி0171, பி0420 என்று இரண்டு கோடுகள். முதலாவது, கலவையில் காற்று அதிகம் என்கிறது. இரண்டாவது, கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்துள்ளது என்கிறது. கலவைக் கோளாறைத் தீர்க்காமல் கன்வெர்ட்டரைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது, ஏனெனில் தவறான கலவையும் புகைக்குழாய்க் கசிவும் பி0420-ஐ வரவழைக்கக்கூடியவை. முதல் கோடைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், விலை அதிகமுள்ள இரண்டாவதற்கு மட்டும் மருந்து சொன்னார்கள். கன்வெர்ட்டர் மாறியது; விளக்கு மறுபடியும் எரிந்தது.

அதன் பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். அவர் ஸ்கேனரில் கோடை மட்டும் படிக்காமல், ஓடும் என்ஜினின் நேரடி அளவுகளைத் திரையில் வைத்துப் பார்த்தார். என் காரில் உள்ளது போன்ற நான்கு வயர் சிர்கோனியா சென்சார் சூடேறியதும் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். (புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது வேறு வகைச் சென்சார், அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.) என் காரில் அது கீழேயே கிடந்தது. காற்று உள்ளே செல்லும் குழாயில், பெட்ரோலைப் போலவே எரியும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளித்ததும் உடனே 0.8-ஐத் தாண்டியது. சென்சார் உயிரோடு இருக்கிறது என்பது அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிட்டது.

அடுத்து அவர் பார்த்தது, கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்று காட்டும் ஃபியூயல் ட்ரிம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. என் காரில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும்போது, 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் குறைந்தது. காற்று உள்ளே செல்லும் இன்டேக் பக்கம் காற்று கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்துக் குழாய்களை முதலில் சோதித்து விலக்கினார். பிறகு என்ஜினை நன்றாக ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்தது; சூடு ஏறியதும் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொண்டதால் அடங்கியது. கேஸ்கட்டின் ஓரத்தில் கரிக்கோடு ஓடியிருந்தது. புகையின் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட, சென்சார் அதைக் கண்டு சொல்ல, கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. மைலேஜ் குறைவுக்கும் கரிக்கும் அதுவே காரணம். கேஸ்கட்டையும், மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் துருப்பிடித்த ஒரு ஸ்டட்டையும் மாற்றியதும் ட்ரிம் 5 சதவீதத்துக்குள் வந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. "கம்பெனி ஒரிஜினல்" என்று பில்லில் எழுதப்பட்ட சென்சார், எந்தக் காருக்கும் போடும் பொது வகை. பழைய கனெக்டரை வெட்டி, வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றியிருந்தார்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் பெறுகின்றன என்பதால், ஈயம் வைத்து ஒட்டுவது கூடாத வேலை.

கழற்றிய பாகங்களைக் கேட்டபோது "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அதைப் பழைய இரும்பு விலைக்கு யாரும் விற்பதில்லை. எனக்கு விற்றதிலும் லாபம், என்னுடையதை எடுத்துக்கொண்டதிலும் லாபம். என் பழைய சென்சார் நல்லதுதான் என்று நிரூபிக்கும் வழியும் அதோடு போய்விட்டது.

சென்சாரை மாற்றச் சொன்னால், எந்தக் கோடு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பி0135 என்றால் அது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்று. ஃபியூஸையும், கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்பதையும், ஹீட்டரின் மின்தடையையும் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். பி0131, பி0171 என்றால் நேரடி அளவுகளையும் ட்ரிம்மையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். புதிய பாகத்தின் பெட்டியையும் அதிலுள்ள பார்ட் நம்பரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியது எனக்கு வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் செய்யுங்கள்.

பட்டறைக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பியும் பதில் வராததால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு பில்களும், ஒட்டுப்போட்ட வயரின் படங்களும், கேஸ்கட் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ட்ரிம் அளவுகளும் கைவசம் இருக்கின்றன.