நாலு பலகை, ஆறு கப்போர்டு: எட்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சமையலறைச் சுவரில் 12 அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஆறு கப்போர்டு. ஒவ்வொன்றும் 600 மி.மீ. அகலம், 720 உயரம், 300 ஆழம், இரட்டைக் கதவு. இதற்கு வாங்கியது 18 மி.மீ. பிளைவுட் மூன்று பலகை, முதுகுக்கு 6 மி.மீ. ஒன்று, அவ்வளவுதான். எட்டு வருடம் அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் சுமந்த பிறகும் ஒரு தட்டுகூடத் தொய்யவில்லை. விளிம்பிலும் கதவு ஹிஞ்சிலும் மட்டும் பழுது வந்தது.

சிக்கனத்துக்குக் காரணம் 300 என்ற அந்த ஆழம். எட்டுக்கு நாலு அடிப் பலகை என்பது 2440 × 1220 மி.மீ. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 4 மி.மீ. தின்றாலும் 300 அகலத்தில் நான்கு பட்டை தாராளமாக வரும். ஆழத்தை 310 ஆக்கினால் மூன்றுதான். சுவரை அளந்துவிட்டுப் பலகைக்குப் போகிறவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள்.

இரண்டு பலகையில் எட்டுப் பட்டை. அதில் ஆறு பட்டையை 720-இல் ஒன்று, 560-இல் மூன்று என்று வெட்ட வேண்டும்; மீதி இரண்டை 720-இல் மூன்று மூன்றாக. பன்னிரண்டு பக்கப் பலகையும், மேல், கீழ், நடுத்தட்டு என்று பதினெட்டுத் துண்டும் கிடைத்துவிடும். மூன்றாவது பலகையின் நான்கு பட்டையிலும் பட்டைக்கு மூன்று கதவு. 6 மி.மீ. பலகை ஆறு முதுகுக்குச் சரியாகப் போதும். கதவுக்கென்று தனிப் பலகை ஒதுக்குவதில் இன்னொரு லாபம்: விலை கூடிய டிசைன் மைக்கா ஒரே ஒரு ஷீட் போதும், அதுவும் கதவின் வெளிமுகத்துக்கு மட்டும். மூன்று பலகையின் மற்ற ஐந்து முகத்துக்கும் வெள்ளை லைனர், அதாவது உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா. கதவின் உள்முகத்தை ஒட்டாமல் விட்டால் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. ஒரு முகம் மட்டும் ஒட்டிய கதவு வளையும், பிறகு மூடாது.

மைக்காவை முழுப் பலகையில் ஒட்டி, ஓர் இரவு சீராகப் பாரம் வைத்து, அதன் பிறகே வெட்டுவது நல்லது. ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிய 18 மி.மீ. பலகை ஏறக்குறைய 20 ஆகிவிடும். குறுக்குத் துண்டு 564 இல்லாமல் 560 ஆனது அதனால்தான். இதைக் கவனிக்காமல் 564-க்கு வெட்டினால் ஒவ்வொரு பெட்டியும் 4 மி.மீ. கூடும், ஆறாவது பெட்டி சுவர் மூலையில் இடிக்கும். 18 என்று விற்பது சில சமயம் அதற்குக் குறைவாகவும் இருக்கும். வெட்டுமுன் காலிப்பர் வைத்துத் தடிமனை அளந்து பாருங்கள்.

முதுகை அடிக்கும்முன் மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 937 மி.மீ. காட்ட வேண்டும். 3 மி.மீ. வித்தியாசத்தோடு முதுகை அடித்துவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். கதவு இடைவெளி மேலே அகன்று கீழே குறுகும். எந்த ஹிஞ்ச் ஸ்க்ரூவைத் திருகியும் அது தீராது.

சுவரில் பொருத்துவதுதான் உயிர் போகும் இடம். 75 × 18 மி.மீ. ரீப்பர் (மரச் சட்டம்) இரண்டை மேலும் கீழுமாகச் சுவரில் ஓட்டி, ரசமட்டம் பார்த்து, 40 செ.மீ.க்கு ஒரு பிளக் போடவும். கடையில் கொடுக்கும் 50 மி.மீ. ஸ்க்ரூ போதாது. ரீப்பர் 18, பூச்சு 15 போனால் செங்கல்லுக்குள் வெறும் 17 மி.மீ.தான் இறங்குகிறது. சரிந்து விழும் கப்போர்டுகளில் பிளக்கோடு சேர்ந்து வருவது பூச்சுதான். 85 மி.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூ வேண்டும். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடமுள்ள கல்), ஏ.ஏ.சி. (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் அதற்கான பிளக்கையே கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் மேல்பலகையை ஒட்டி இன்னொரு ரீப்பர் கொடுத்து, அதன் வழியாகச் சுவர் ரீப்பருக்குள் 40 மி.மீ. ஸ்க்ரூ நான்கு. வெறும் முதுகுப் பலகையில் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. ரீப்பர் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கட்டும். வெள்ளை பாய்ந்த மரத்தை வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

தட்டு தொய்யாததற்கு 560 என்ற குட்டை நீளமே காரணம். அதே எடைக்கு நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. அகலப் பெட்டி வேண்டுமென்றால் நடுவில் தட்டைத் தாங்க ஒரு நிறுத்துப் பலகை கொடுத்தே ஆக வேண்டும்.

இனி பழுது. மூன்றாம் வருடம், குக்கர் வைக்கும் பக்கத்துப் பெட்டியின் கீழ்விளிம்பில் எட்ஜ் பேண்டு (வெட்டுமுகத்தை மூடும் பட்டை) நகம் நுழையும் அளவு பிளந்தது. ஆவி குளிர்ந்து நீராகி அந்த விளிம்பில்தான் தொங்கி நிற்கிறது. பேண்டை உரித்து, உலரவிட்டு, வெட்டுமுகத்துக்கு வார்னிஷ் இரண்டு கை கொடுத்து, புதிதாக ஒட்டியபின் இன்றுவரை பிரியவில்லை. முதலிலேயே செய்ய வேண்டிய வேலை அது. சமையலறைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303-இன் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம் போதும், சிங்க்கை ஒட்டிய பெட்டிக்கு மட்டும் ஐ.எஸ். 710 மரைன். எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) பலகையை ஹால் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹிஞ்ச், ஸீரோ கிராங்க் ஆட்டோ வகை (கதவு பக்கப் பலகையின் விளிம்பை மூடி, தானே சாத்திக்கொள்ளும் கீல்), கதவுக்கு இரண்டாக 24. ஹிஞ்சின் கிண்ணம் உட்காரும் கப் குழி 35 மி.மீ. விட்டம், 13 மி.மீ. ஆழம். டிரில் பிட்டில் டேப் சுற்றி அளவு வைக்காமல் இறங்கினால் வெளி மைக்காவில் மேடு தட்டும். ஆறாம் வருடத்தில் அடிக்கடி திறக்கும் இரண்டு கதவில் ஸ்க்ரூ வழுக்கியது. ஃபெவிகால் தோய்த்த மூங்கில் சீவலை ஓட்டையில் அடித்து, மறுநாள் அதே ஸ்க்ரூவை முறுக்கினால் பிடித்துக்கொள்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று வரும் வீடுகளில் நிக்கல் முலாம் துருப்பிடிக்கும். அங்கே எஸ்.எஸ். 304 ஹிஞ்சுக்குச் செலவழிப்பது தகும்.

ரீப்பர் தரும் 18 மி.மீ. இடைவெளியால் மழைக்காலச் சுவர் ஈரம் முதுகைத் தொடவில்லை. அந்தச் சந்துக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் ஏறினால் மண்கோடு அங்கேதான் முதலில் தெரியும். அப்போதே மருந்தடித்தால் பலகை தப்பிக்கும்.