தலையில் அடிபட்ட குழந்தைக்கு இருட்டறையா, படிப்படியான நடமாட்டமா?

சைக்கிளிலிருந்து விழுந்த என் பதினொரு வயது மகளுக்குக் கன்கஷன் எனும் மூளை அதிர்வு என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு கட்சி உருவானது. அறிகுறிகள் முழுக்க அடங்கும்வரை இருட்டறையில் படுக்கவைக்க வேண்டும் என்றது ஒன்று. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடமாட்டம் என்றது மற்றது. நாங்கள் இரண்டாவது வழியில் போனோம்; இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எந்த வழியானாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல் வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதற்குத்தான் உறுதி. மூளை அதிர்வு அதில் பெரும்பாலும் தெரியாது.

வெளிச்சமும் சத்தமும் உறுத்தும் முதல் நாளில் இருட்டறை ஆறுதல்தான். நீடித்தால்தான் சிக்கல். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்ட பிள்ளைகள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள்.

என்னை இரண்டாவது வழிக்கு இழுத்தது, அதில் கைக்கு ஓர் அளவுகோல் கிடைப்பதுதான். தலைவலிக்குச் சைபரிலிருந்து பத்துவரை எண் கொடுக்கச் சொல்வோம். நடக்கப் போகுமுன் "மூணு" என்பாள். நடக்கும்போது நாலோ ஐந்தோ ஆகி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் கவலையில்லை. முதலில் சொன்ன எண்ணைவிட இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான்; மறுநாள் மறுபடி முயல்வோம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வரம்பும் இதுவே. இருட்டறையில் சும்மா படுத்திருக்கும் குழந்தை எவ்வளவு தாங்கும் என்பதை எதைக் கொண்டு அறிவது?

முதல் 48 மணி நேரம் செல்போன், டிவியைக் குறைத்தோம். பள்ளிக்கு முதலில் அரை நாள் அனுப்பினோம். ஆசிரியரும் இடையிடையே ஓய்வு கொடுத்தார். மோதல் நேரக்கூடிய விளையாட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளி, மருத்துவர் அனுமதித்த பிறகே விட்டோம். முழுக்கக் குணமாகுமுன் தலையில் இன்னோர் அடி விழுவது பெரிய ஆபத்து. அந்த ஒன்றில் எவ்வளவு கண்டிப்பும் தகும்.

எண் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளிடம் இந்த அளவுகோல் செல்லாது. அந்த வயதில் எனக்கு அனுபவமும் இல்லை. அடங்காத அழுகை, பால் குடிக்க மறுப்பது, பிடித்த பொம்மையையும் தொடாதது ஆகியவற்றைக் கவனித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கு வாரம் தாண்டியும் அறிகுறி நீடிக்கும் பிள்ளைகளுக்கும் சிறப்பு மருத்துவரின் துணை தேவை.