குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு ஒரு மூளை டாப்ளர்: வாங்கலாமா?

எங்கள் பிரிவுக்கு மூளைக்காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில், காசநோய்க் கிருமியால் வந்தவர்கள்தான் என்னை அதிகம் படுத்துகிறார்கள். மூளையின் அடியிலுள்ள தமனிகள் சுருங்கும். தலைக்குள் நீர் கோக்கும். வென்டிலேட்டரோடு அவர்களை அடிக்கடி சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியுமா? அதற்காகத்தான், ஒலியலையை அனுப்பி மூளைத் தமனிகளில் ரத்தம் ஓடும் வேகத்தைப் படுக்கையருகிலேயே அளக்கும் இந்த டாப்ளரை வாங்கினோம்.

படம் காட்டாது. 2 மெகாஹெர்ட்ஸ் புரோபில் (தலையில் வைக்கும் உணர்கருவி) ஜெல் தடவி, காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே வைத்து, மயிரிழை மயிரிழையாகச் சாய்க்க வேண்டும். பெருமூளையின் நடுத்தமனி சிக்கியதும் இரைச்சல் தெளிந்து 'உஷ், உஷ்' என்று கேட்கும். திரையில் அலை எழும். 1982இல் நார்வே ஆய்வாளர் ரூனே ஆஸ்லிட் காட்டிய வித்தை. கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இன்றும் வசப்படாது.

அலையின் முகட்டைவிட அதன் அடிவாரத்தைத்தான் நான் பார்ப்பேன். இதயம் தளரும் நொடியில் மிஞ்சும் ஓட்டம் குறையக் குறைய, துடிப்புக் குறியீடு (முகட்டுக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தது) ஏறும். மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வென்டிலேட்டர் கார்பன் டை ஆக்சைடை அதிகமாக வெளியேற்றிவிட்டாலும் இதே கோலம்தான். வேகம் எகிறினால் தமனிச் சுருக்கமாக இருக்கலாம். வெறும் காய்ச்சலாகவோ ரத்தசோகையாகவோகூட இருக்கலாம். கழுத்துத் தமனியிலும் அளந்து ஒப்பிட்டுத்தான் பிரித்தறிய முடியும். ஒரே பிள்ளைக்குக் காலையிலும் மாலையிலும் அளந்து, ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும்போதுதான் கொடுத்த காசுக்குப் பலன். ஒற்றை எண்ணை வைத்து மருந்தை மாற்ற மாட்டேன்.

இனி என் எரிச்சல். கருவிக்குள் ஏற்றியிருக்கும் அளவுகோல் பெரியவர்களுடையது. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சராசரி வேகம் நொடிக்கு 90, 100 செ.மீ. இருப்பது இயல்பு, இது சிவப்பில் கத்துகிறது. உடல் வெப்பம், ரத்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைக் குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கிறார். புரோபைப் பிடித்துவைக்கக் கூடவே தந்த தலைப்பட்டை, துண்டை மடித்து வைத்தாலும் சின்னத் தலையிலிருந்து வழுகுகிறது.

உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைகளே அதிகம் என்றால் இதை வாங்க வேண்டாம். டாப்ளர் வசதியுள்ள சாதாரண ஸ்கேன் கருவியை அங்கே வைத்தாலே படமும் ஓட்டமும் சேர்ந்து தெரியும். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். விற்பனையாளர் தன் உதவியாளரின் தலையில் டெமோ காட்ட வந்தால், தலைப்பட்டையைக் கழித்துக்கொண்டு விலை சொல்லச் சொல்லுங்கள்.