கணுக்கால் சுளுக்குக்குப் பின் பிரேஸும் டேப்பும்: ஓராண்டைக் கடந்த பயன்பாடு

இறகுப்பந்து ஆடும்போது பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) ஓரளவு கிழிந்ததிலிருந்து, கிரேப் பேண்டேஜ், லேஸ் கட்டும் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கும் உறை), நீளாத டேப், நீளும் டேப் ஆகிய நான்கையும் வெவ்வேறு கட்டங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றில் எதுவும் கிழிந்ததை ஆற்றுவதில்லை. ஆறிக்கொண்டிருக்கும் கால் மீண்டும் மடங்காமல் காப்பதற்கே இவற்றை வாங்க வேண்டும். அடிபட்டவுடன் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, எதையும் கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

கிரேப் பேண்டேஜ் வீக்கம் இருந்த முதல் நாட்களுக்கு மட்டுமே பயன்பட்டது. விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் நுனி மரத்துப்போனால் உடனே அவிழ்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியே ஒலிக்காது என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் இறுகக் கட்டக் கூடாது.

அதிகம் உழைத்தது லேஸ் பிரேஸ்தான். பாதம் பக்கவாட்டில் மடங்குவதை அது தடுக்கிறது, ஆனால் நடக்கத் தேவையான மேல்கீழ் அசைவை விட்டுவைக்கிறது. காலுறையின் மேல் அணிந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, லேஸை விரல் பக்கமிருந்து இழுத்துக் கட்டிய பிறகே பக்கப் பட்டைகளைக் குறுக்காகச் சுற்ற வேண்டும். அரை மணி நேர ஆட்டத்தில் லேஸ் சற்றுத் தளரும், ஆனால் மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். நீளாத டேப்பில் அந்த வசதி இல்லை. தொடக்கத்தில் பிரமாதமாகப் பிடிக்கும் அது, ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் வியர்வையில் நெகிழ்ந்துவிடுகிறது. ஒட்டத் தெரிந்த ஒருவரும் தேவை, உரிக்கும்போது தோலும் சிவக்கிறது. ஜப்பானின் கென்சோ காசே 1970களில் உருவாக்கிய நீளும் டேப், காலைக் கவனமாக வைக்க நினைவூட்டியது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் செய்யவில்லை. வண்ணங்கள் அழகு, மறுமுறை வாங்க மாட்டேன்.

பிரேஸைக் கழற்றுவதைப் படிப்படியாகவே செய்தேன்: முதலில் வீட்டுக்குள், பிறகு சமதளச் சாலையில், கடைசியாக மாடிப்படிகளில். கூடவே ஒற்றைக்காலில் நிற்பதையும், ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்புறம் தள்ளுவதையும் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தொடர்ந்தேன். கண்ணை மூடி நிற்கும்போது இரு கால்களும் ஒரே அளவுக்கு ஆடின என்பதே எனக்கு அளவுகோலாக இருந்தது. ஆடுகளத்தில் மட்டும் இன்னும் அணிகிறேன், ஏனெனில் ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம்.

வெல்க்ரோ பிடிப்பை இழந்ததால் இரண்டாவது பிரேஸ் வாங்க நேர்ந்தது. கணுக்காலின் சுற்றளவை அளந்து, ஆடும் ஷூவையும் கையோடு கொண்டுபோய் அதற்குள் அணிந்து பார்த்தே வாங்கினேன். ஷூவின் உள்தகட்டை எடுத்த பிறகுதான் அது அடங்கியது.