நூறு கோடியே ஏழு: எட்டு வருடம் பழகிய பிறகு

1000000007. நிரலாக்கப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இந்த எண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘விடை மிகப் பெரிது, இதால் வகுத்து வரும் மீதியைச் சொன்னால் போதும்’ என்று கேள்வியின் கடைசி வரியில் வந்து நிற்கும். எட்டு வருடமாக என் நிரல்களின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பிடித்துப்போனது அளவுதான். பத்து இலக்கப் பகா எண்களிலேயே சிறியது இது. இரண்டு மீதிகளைக் கூட்டினால் 2000000012-ஐத் தாண்டாது. 32 பிட் முழு எண்ணின் வரம்பு 2147483647. ஒட்டி உரசிக்கொண்டு உள்ளே போய்விடும். பெருக்கல் 64 பிட்டில் தாராளமாக அடங்கும். பெருக்கும் முன் 64 பிட்டுக்கு மாற்ற மறந்தால் விடை குப்பைதான், ஆனால் அந்தப் பழி எண்ணின் மேல் இல்லை.

பகா எண்ணாக இருப்பதன் அருமை வகுக்கும்போதுதான் தெரியும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, வகுக்கும் எண்ணை 1000000005-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அதன் நேர்மாறு, அதாவது அதனுடன் பெருக்கினால் மீதி 1 தரும் எண், கிடைக்கும். வகுப்பதற்குப் பதில் அதால் பெருக்கிவிடலாம். வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் முப்பது சுற்றுக்குள் வேலை முடியும். 2-இன் நேர்மாறு 500000004 என்பது எனக்கு மனப்பாடம். சொந்தக் கைபேசி எண்ணில்கூடத் தடுமாறுவேன்.

ஒருமுறை ஒரு பூஜ்ஜியத்தை விட்டு 100000007 என்று தட்டிவிட்டேன். நூறு கோடி பத்துக் கோடி ஆனது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் பகா எண், ஒன்பது இலக்கத்தில் மிகச் சிறியது! வகுத்தல் பிசகாமல் நடந்தது, சின்ன உள்ளீடுகளுக்கெல்லாம் விடை சரி. பெரியவற்றில் மட்டும் தப்பு. அரை நாள் போயிற்று. பகு எண்ணாக இருந்திருந்தால் நேர்மாறு சொதப்பிச் சீக்கிரமே காட்டிக்கொடுத்திருக்கும். அன்றிலிருந்து இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரித்தே எழுதுகிறேன்.

குறை எங்கே என்றால், ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 1000000006 = 2 × 500000003. இரண்டாவதும் பகா எண். பல்லுறுப்புக் கோவைகளை வேகமாகப் பெருக்கும் உருமாற்றத்துக்கு இங்கே 2-இன் பெரிய அடுக்கு ஒன்று காரணியாக வேண்டும். இதிலோ ஒரே ஒரு 2. அந்த வேலைக்கு 998244353-தான். அதில் ஒன்றைக் கழித்தால் 119 பெருக்கல் 2-இன் 23-ஆம் அடுக்கு.

5-க்கு 1000000007-இன் மீதிகளில் வர்க்கமூலம் கிடையாது: எந்த மீதியை வர்க்கமாக்கினாலும் 5 மீதியாக வராது. அதனால் ஃபிபனாச்சி எண்ணுக்கான வர்க்கமூலச் சூத்திரத்தை நேராகப் போட முடியாது. இரண்டே தள்ளி நிற்கும் இரட்டைப் பகா எண்ணான 1000000009-இல் 383008016 என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு வாய்த்தது நமக்கு இல்லை.

சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிட ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகச் சுருக்கும் ஹாஷுக்கு 1000000007-ஐத் தனியாக நம்ப வேண்டாம். சுமார் 37,000 சரங்கள் சேர்ந்தாலே ஏதோ இரண்டு ஒரே எண்ணில் மோத ஐம்பது சதவீத வாய்ப்பு. ஒரு லட்சத்தில் மோதல் ஏறக்குறைய நிச்சயம். அங்கே நான் 2-இன் 61-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சேன் பகா எண்ணுக்கு மாறிவிட்டேன். வழிகளை எண்ணும் கணக்குகளுக்கு இன்றும் நூறு கோடியே ஏழுதான்.