கேன்சர் செல்லைத் தடுக்குமாம், ஆனா டப்பாவைத் திருப்பிப் பாருங்க (வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் ரிவ்யூ)

5க்கு 2 ஸ்டார், அதுல ஒண்ணு பேக்கிங்குக்கு. சீல் ஒழுங்கா இருந்துச்சு, கேப்ஸ்யூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, எண்ணெயும் கசியல. பிரச்சனை டப்பா முன்னாடி போட்டிருக்க டயலாக்தான்.

கொட்டை எழுத்துல டோகோட்ரையினால் (வைட்டமின் ஈல ஒரு வகை), கீழ "கேன்சர் செல் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வில் நிரூபணம்". பின்னாடி இருக்க பொடி எழுத்தை போன்ல ஜூம் பண்ணி படிச்சா டிஎல்-ஆல்ஃபா டோகோபெரில் அசிடேட் (வைட்டமின் ஈல இன்னொரு வகையான ஆல்ஃபா டோகோபெரால்தான் இது) 400 ஐயூ (வைட்டமினை அளக்குற யூனிட்), டோகோட்ரையினால் கலவை 10 மில்லிகிராம். அடப்பாவிங்களா!

வைட்டமின் ஈன்னா ஒரே ஐட்டம் கிடையாதுங்க, மொத்தம் 8, டோகோபெரால்ல நாலு, டோகோட்ரையினால்ல நாலு (ரெண்டுலயும் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டான்னு). லேப்ல வளர்க்கிற கேன்சர் செல் மேல காமா, டெல்டா டோகோட்ரையினாலைப் போட்டா செல் பெருகுறது குறையுது, சிலது தானாவே செத்துப்போகுது, இது நெஜம்தான், நிறைய பேப்பர் இருக்கு. ஆல்ஃபா டோகோபெரால் அந்த அளவுக்கு எல்லாம் வேலை செய்றதில்ல. அதுவும்போக நாம முழுங்குனதுல லிவர்ல இருக்க ஒரு புரோட்டீன் ஆல்ஃபா டோகோபெராலைத்தான் பெரும்பாலும் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்பும், மத்ததெல்லாம் சீக்கிரமே உடைஞ்சு வெளிய போயிடும், ஸோ லேப்ல போட்ட அளவு உடம்புக்குள்ள போய்ச் சேர்றதே கஷ்டம், இதுல 10 மில்லிகிராம் என்னத்த கிழிக்கப் போகுது.

ஆனா அந்த 400 ஐயூ ஆல்ஃபா இருக்கே, அதே ஐட்டம் அதே டோஸை செலெக்ட்ங்கற ட்ரையல்ல 35,000க்கும் மேல ஆம்பளைங்களைச் சேத்து புரோஸ்டேட் கேன்சர் குறையுதான்னு பாத்தாங்க, 2011ல வந்த ரிசல்ட்படி வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவங்களுக்கு டம்மி மாத்திரை எடுத்தவங்களை விட 17% அதிகமா வந்திருக்கு. ஃபின்லாந்துல நடந்த இன்னொரு வைட்டமின் ஈ ட்ரையல்ல புரோஸ்டேட் கேன்சர் குறைஞ்சுதேன்னு கேப்பீங்க, குறைஞ்சுது, ஆனா அது சிகரெட் பிடிக்கிறவங்க கிட்ட, வெறும் 50 மில்லிகிராம், அதுலயும் நுரையீரல் கேன்சர் குறையல.

கஸ்டமர் கேர்ல கேட்டேன், "இது ஃபுட் சப்ளிமென்ட் சார், மருந்து இல்ல"ன்னு ரெடிமேட் ரிப்ளை. அப்புறம் எதுக்கு முன்னாடி கேன்சர்னு போட்டீங்கன்னா பதிலே காணோம்.

இன்னொண்ணு, வைட்டமின் ஈ அதிக டோஸ்ல ரத்தம் உறையறதைக் குறைக்கும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை எடுக்கிறவங்க, கீமோ, ரேடியேஷன் போயிட்டிருக்கவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க, லேபிள்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.